கராஜ் கதவு மூடியிருக்கா இல்லையா: மைக்யூ, மெராஸ், வெறும் ரிலே, ராட்ஜிடிஓ

நாங்க இருக்கறது டல்லாஸ் பக்கத்துல பிளேனோ. இந்தப் பக்கம் நிறைய வீட்டுக்கு கராஜ் முன்னாடி இருக்காது, பின்னாடி ஆலின்னு ஒரு சந்து ஓடும், கராஜ் கதவு அந்த சந்தைப் பார்த்துதான் இருக்கும். அதனால ஹால்ல உக்காந்துகிட்டு கதவு திறந்திருக்கா மூடியிருக்கான்னு கண்டுபிடிக்கவே முடியாது. ரெண்டு வருஷம் முன்னாடி ஒரு ராத்திரி முழுக்க கதவு ஆன்னு திறந்து கிடந்திருக்கு, காலைல நாயைக் கூட்டிகிட்டு ஆலி வழியா போன பக்கத்து வீட்டு பாட்டியம்மா முன்பக்கம் சுத்தி வந்து பெல் அடிச்சு சொன்னாங்க. எதுவும் திருடு போகல. போறதுக்கு உள்ள என்ன இருக்கு, ரெண்டு மூட்டை சோனா மசூரி, நாலு பெரிய சூட்கேஸ், ரெண்டாவது ஃபிரிட்ஜுல இட்லி மாவு. இருந்தாலும் அன்னிலேர்ந்து தினம் பத்து மணிக்கு "கராஜ் மூடியாச்சா"ன்னு வீட்டுக்காரரு கேட்க, நான் செருப்பு போட்டுகிட்டு போய் பார்த்துட்டு வர்றதுன்னு ஒரு வழக்கமே ஆயிடுச்சு.

வீட்ல ஏற்கனவே ஒரு பழைய மினி கம்ப்யூட்டர்ல ஹோம் அசிஸ்டண்ட் ஓடிட்டிருக்கு, அதாவது வீட்டு ஸ்மார்ட் சாமானை எல்லாம் ஒரே இடத்துலேர்ந்து ஓட்டற சாஃப்ட்வேர், லைட்டு, தண்ணி லீக் சென்சார் எல்லாம் அதுலதான். சரி கராஜையும் அதுல சேர்த்துடலாம்னு ஆரம்பிச்சேன், ஒரு மணி நேர வேலைன்னு நினைச்சது ரெண்டு மாசம் இழுத்துச்சு. ஏன்னா எங்களுக்கு ரெண்டு கதவு, ரெண்டு மோட்டாரு, ரெண்டும் லிஃப்ட்மாஸ்டர் கம்பெனிதான் ஆனா ரெண்டும் வேற வேற காலத்து ஆளு. நீங்களும் இதே யோசனைல இருந்தா நான் சுத்தின சுத்தை நீங்க சுத்த வேண்டாம்னுதான் எழுதறேன்.

அப்ப அப்பா திருச்சியிலிருந்து வந்திருந்தாரு. இபில லைன் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவரு. நான் ஃபோன்லயே கதவைத் திறக்கலாம் மூடலாம்னு பெருமையா சொல்லிட்டிருந்தப்ப அவரு ஒண்ணே ஒண்ணுதான் கேட்டாரு, "மூடுன்னு சொல்றது சரிம்மா, மூடுச்சான்னு எப்படித் தெரியும்? சுவிட்ச் ஆஃப் பண்ணிட்டா லைன் செத்துடுச்சுன்னு அர்த்தம் இல்ல, டெஸ்டர் வெச்சுப் பார்த்தாதான் அர்த்தம்." எனக்கு அது வரைக்கும் அது தோணவே இல்ல. அதுக்கப்புறம் ஒவ்வொரு ஆப்ஷனையும் அந்த ஒரு கேள்வியை வெச்சுதான் பார்த்தேன், கூடவே இன்னொரு கேள்வி: இந்த பதில் எங்க வீட்டுக்குள்ளேர்ந்து வருதா, இல்ல எங்கயோ இருக்கற ஒரு கம்பெனி சர்வர்லேர்ந்து வருதா.

எதையும் வாங்கறதுக்கு முன்னாடி ஏணி போட்டு ஏறி மோட்டாரைப் பாருங்க. சேம்பர்லைன், லிஃப்ட்மாஸ்டர், பழைய கிராஃப்ட்ஸ்மேன்ல நிறைய, எல்லாம் ஒரே குடும்பம். மோட்டார் பெட்டி பின்பக்கமோ பக்கவாட்டுலயோ, சில மாடல்ல லைட் கவருக்கு உள்ள, லேர்ன் பட்டன்னு ஒண்ணு இருக்கும், ரிமோட்டை பழக்கறதுக்கு அமுக்குவோமே அது. அந்த பட்டன் கலர்தான் ஜாதகம். ஊதான்னா பழைய செக்யூரிட்டி பிளஸ், ஏறக்குறைய 2005லேர்ந்து வந்தது. மஞ்சள்னா செக்யூரிட்டி பிளஸ் 2.0, 2011லேர்ந்து. ஊதாவுலயும் அதுக்கு முந்தின சிவப்பு ஆரஞ்சு பட்டன் மோட்டார்லயும் சுவத்து சுவிட்சுக்குப் போற ரெண்டு வயரை ஒரு செகண்ட் தொட வெச்சா போதும், காலிங் பெல் மாதிரி, கதவு ஓடும். மஞ்சள்ல பெரும்பாலும் அது நடக்காது, ஏன்னா அதுல சுவிட்சும் மோட்டாரும் அதே ரெண்டு வயர்ல சங்கேதத்துல பேசிக்குது, சும்மா வயரைத் தொட வெச்சா மோட்டாருக்கு அது என்ன பாஷைன்னே புரியாது. நான் இது தெரியாமதான் முதல்ல ஒரு ரிலே, அதாவது ரெண்டு வயரைத் தானா தொட வைக்கற சின்ன சுவிட்ச், வாங்கி மஞ்சள் பட்டன் இருக்கற எங்க பெரிய கதவுல மாட்டி ஒரு ஞாயித்துக்கிழமை முழுக்க டிக் டிக்குன்னு சத்தம் கேட்டுகிட்டு உக்காந்திருந்தேன்.

முதல்ல மைக்யூ. இது சேம்பர்லைனோட சொந்த சரக்கு, ஃபோன் ஆப்லேர்ந்து கதவைப் பார்க்க, திறக்க, மூட. புது மோட்டார்ல வைஃபையோடவே வரும், பழசுக்கு முப்பது டாலர் வாக்குல ஒரு சின்னப் பெட்டி விக்கறாங்க, கதவுல ஒட்டற பேட்டரி சென்சார் ஒண்ணு, சாயுதா நிமிருதான்னு பார்த்து சொல்லும், பெட்டி ரிமோட் மாதிரியே மோட்டாருக்கு சிக்னல் அனுப்பும். வயரிங்கே கிடையாது, கால் மணி நேரம். மூடறதுக்கு முன்னாடி பீப் பீப்புன்னு கத்தி லைட் அடிக்கும், அது ஏன் முக்கியம்னு பின்னாடி சொல்றேன். அமேசான் பார்சலை கராஜுக்குள்ளேயே வெச்சுட்டுப் போற வசதியும் இதோடதான் வருது, ஆலி பக்கம் வீடு இருக்கறவங்களுக்கு அது பெரிய விஷயம். எங்க தெருவுல ஒருத்தங்க அதுக்காகவே இதை வெச்சிருக்காங்க, அவங்களுக்கு ஹோம் அசிஸ்டண்ட்னா என்னன்னே தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் இல்ல.

ஆனா நம்ம கேஸ் வேற. 2023 கடைசில சேம்பர்லைன் வெளியாளுங்க அவங்க ஏபிஐயை, அதாவது வேற சாஃப்ட்வேர் அவங்க சர்வரோட பேசற வழியை, தொடறதை அடைச்சுட்டாங்க. அதுவரைக்கும் ஹோம் அசிஸ்டண்ட்ல மைக்யூ ஓடிட்டிருந்துச்சு, அப்புறம் அந்த டிசம்பர் வெர்ஷன்ல ஹோம் அசிஸ்டண்ட்காரங்களே அந்த இணைப்பைத் தூக்கிட்டாங்க. சேம்பர்லைன் சொன்ன காரணம், மொத்த மைக்யூ யூசர்ல 0.2 சதவீதம் பேருதான் இப்படி வெளி வழியா வர்றாங்க, ஆனா சர்வர் டிராஃபிக்ல பாதிக்கு மேல அவங்களோடதுதான்னு. அது உண்மையாவே இருக்கட்டும், பத்து செகண்டுக்கு ஒரு தடவை "மூடியிருக்கா மூடியிருக்கா"ன்னு லட்சம் வீடு போய் கேட்டா எந்த சர்வருக்கும் கோபம் வரும்தான், நம்ம வீட்டுக்காரரே ஒரு தடவைக்கு மேல கேட்டா எனக்கு வருதே. ஆனா நான் காசு கொடுத்து வாங்கின கதவோட நிலைமையை என் வீட்டுக்குள்ளயே கேட்டுத் தெரிஞ்சுக்க ஒரு வழி வெச்சிருந்தா யாரும் சர்வர் பக்கமே போயிருக்க மாட்டாங்க. ஆப்பிளோட ஸ்மார்ட் வீட்டு சிஸ்டமான ஹோம்கிட்ல சேர்க்க ஒரு இணைப்புப் பெட்டி வித்துட்டிருந்தாங்க, அதையும் 2022ல நிறுத்திட்டாங்க. அதனால மைக்யூ ஆப் மட்டும் போதும்னா மைக்யூ நல்ல சாமான், எதோடயாவது சேர்த்து ஓட்டணும்னா இந்தக் கதவைத் தட்டாதீங்க.

அடுத்து மெராஸ், இது பழைய மோட்டாரோட சேர்த்து மாட்டற ஒரு வைஃபை பெட்டி. எம்எஸ்ஜி100ன்னா ஒரு கதவுக்கு, எம்எஸ்ஜி200ன்னா மூணு கதவு வரைக்கும். சுவிட்ச் வயர் போற அதே இடத்துல ரெண்டு வயர் மாட்டணும், கதவுல காந்தம், ஃபிரேம்ல வயரோட சென்சார். பேட்டரி கிடையாதுங்கறது இதுல எனக்குப் பிடிச்சது, ஏன்னா ஆகஸ்டுல எங்க கராஜுக்குள்ள நின்னா வடை பொரிச்சிடலாம், அந்த சூட்டுல பட்டன் பேட்டரி சென்சார் எல்லாம் என் அனுபவத்துல சீக்கிரம் மண்டையைப் போடும். ஹோம்கிட் சப்போர்ட் உள்ள மாடலா பார்த்து வாங்கினா வீட்டு வைஃபைக்குள்ளேயே வேலை செய்யும், அவங்க சர்வர் செத்தாலும் கவலை இல்ல. ஒரு விஷயம், ஹோம்கிட் சாமானை ஒரு இடத்துலதான் முதல்ல ஜோடி சேர்க்க (பேரிங்) முடியும், நான் பார்த்த வரைக்கும் சுலபமான வழி, ஹோம் அசிஸ்டண்ட்ல ஜோடி சேர்த்துட்டு அங்கேர்ந்து திரும்ப ஆப்பிள் ஹோமுக்கு அனுப்பறது. வெறும் ஐஃபோன் வீடுன்னா நேரா ஆப்பிள் ஹோம்லயே போடுங்க, வெளியூர்லேர்ந்து பார்க்க ஆப்பிள் டிவியோ ஹோம்பாடோ ஒண்ணு வீட்ல இருக்கணும். மஞ்சள் பட்டன் மோட்டாரா இருந்தா தனியா ஒரு ஆக்சஸரி வேணும், அது உள்ள ரிமோட் மாதிரி வேலை செய்யற ஒண்ணு, சுவிட்ச் வயரோட பாஷைப் பிரச்னையை சுத்திப் போறதுக்காக. வேலை செய்யுது, ஆனா கராஜ் சீலிங்ல ஒண்ணு மேல ஒண்ணா டேப் போட்டு ஒட்டி தோரணம் கட்டின மாதிரி ஆயிடும்.

இதே ஜாதில டெயில்விண்ட்னு ஒண்ணு இருக்கு, விலை கூட, ஆனா லோக்கலா பேசும், ஹோம் அசிஸ்டண்ட்லயும் சேரும். நான் அதை வாங்கிப் பார்க்கல, அதனால அதுக்கு மேல சொல்லல.

விலை குறைவா கிடைக்குதேன்னு கம்பெனி சர்வரை நம்பி ஓடற பேர் தெரியாத கிளவுட் பெட்டி எதையும் வாங்கறதுக்கு முன்னாடி நெக்ஸுங்கற கராஜ் பெட்டிக் கம்பெனியோட கதையைப் படிச்சுடுங்க. 2023 ஏப்ரல்ல சாம் சபேட்டன்னு ஒரு செக்யூரிட்டி ஆராய்ச்சியாளர் வெளில கொண்டு வந்தாரு, அந்தக் கம்பெனி தன்னோட எல்லா பெட்டிக்கும் ஒரே பாஸ்வேர்டை வெச்சு சர்வரோட பேச விட்டிருந்தாங்க, அது தெரிஞ்சவன் யாரா இருந்தாலும் அடுத்தவன் வீட்டு கராஜ் திறக்கற மெசேஜைப் பார்க்கலாம், தானும் அனுப்பலாம். நாப்பதாயிரத்துக்கு மேல டிவைஸ் அதுல மாட்டுச்சுன்னு அவரு கணக்கு சொன்னாரு, அமெரிக்க அரசோட சைபர் செக்யூரிட்டி ஏஜென்சியே அறிவிப்பு விட்டுச்சு. ஊர்ல ஒரே சாவிக்கு நாப்பதாயிரம் பூட்டு செஞ்சு வித்தா பூட்டுக்கடைக்காரனை சும்மா விடுவோமா.

இப்ப வெறும் ரிலே. எங்க சின்னக் கதவு ஊதா பட்டன், அதுக்கு கடைசில நான் வெச்சது இதான். ஷெல்லி கம்பெனியோடது மாதிரி ஒரு டிரை காண்டாக்ட் ரிலே, அதாவது தன்னோட கரண்டை வெளில விடாம ரெண்டு வயரைத் தொட வைக்க மட்டும் செய்யறது. இதை ரெண்டு தடவை படிங்க: சில சீப்பான வைஃபை ரிலேல அவுட்புட்லயே 120 வோல்ட் வரும், அதை கொண்டு போய் சுவிட்ச் டெர்மினல்ல மாட்டினா மோட்டார் போர்டு பொசுக்குன்னு போயிடும். அப்பாகிட்ட காட்டினப்ப முதல்ல டெஸ்டரை எடுத்துட்டு வாங்கன்னாரு, அவரு சொன்னது சரி. ரிலேயை அரை செகண்ட்ல தானா ஆஃப் ஆகற மாதிரி செட் பண்ணணும், கதவு முழுசா மூடற இடத்துல ஒரு காந்த சென்சார், அந்த வயரை ரிலேயோட இன்புட்லயே மாட்டிடலாம். மொத்தம் முப்பது டாலர்கூட ஆகல.

ஆனா ரிலேக்கு ஒரு பெரிய குறை இருக்கு, அது திற, மூடுன்னு ரெண்டு வார்த்தை தெரிஞ்ச ஆள் கிடையாது, அமுக்கு அப்படிங்கறது மட்டும்தான் தெரியும். திறந்திருந்தா மூடும், மூடியிருந்தா திறக்கும், பாதில இருந்தா கடவுளுக்கே வெளிச்சம். சென்சார் தப்பா சொல்லிட்டா நீங்க ஊர்ல இல்லாதப்ப "மூடு"ன்னு அனுப்பினது மூடின கதவைத் திறந்துடும். எனக்கே நடந்துச்சு, முதல்ல வாங்கினது ஒரு மலிவான ரிலே, பேரு வேண்டாம், போன வசந்த காலத்துல இடி மழைல ராத்திரி ரெண்டு மணிக்கு கரண்ட் போயிட்டு வந்துச்சு, வந்ததும் அந்த ரிலே ஆன் ஆகி எழுந்துச்சு, கதவு கடகடன்னு திறந்துகிச்சு. கரண்ட் வந்ததும் என்ன நிலைமைல இருக்கணும்னு ஒரு செட்டிங் இருக்கு, அதை ஆஃப்னு மாத்தாம விட்டது என் தப்புதான், ஆனா பெட்டில வந்ததே ஆன்னு வெச்சிருந்ததுதான் எரிச்சல். நீங்க எந்த ரிலே வாங்கினாலும் மாட்டின அன்னிக்கே பிரேக்கரை ஒரு தடவை ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பாருங்க.

மஞ்சள் பட்டன் பெரிய கதவுக்கு சுவர் சுவிட்ச் ஒண்ணை வாங்கி பிரிச்சு அதோட பட்டன் மேல வயரை சால்டர் பண்ணி ரிலேயோட இணைக்கற வழி ஒண்ணு இருக்கு. 883எல்எம் சுவிட்சை வெச்சு நிறைய பேரு செய்யறாங்க. நான் சால்டரிங் அயர்னை எடுத்து வெச்சுட்டேன், அப்பதான் ராட்ஜிடிஓ கண்ணுல பட்டுச்சு.

பேரோட விரிவு ரேஜ் அகைன்ஸ்ட் த கராஜ் டோர் ஓப்பனர், அதாவது கராஜ் மோட்டார் மேல வந்த ஆத்திரம். பால் வீலண்ட்னு ஒருத்தர் செஞ்சது. சின்ன வைஃபை போர்டு, மஞ்சள் பட்டன் மோட்டாரோட சுவிட்ச் எந்த பாஷைல பேசுதோ அதே பாஷைல பேசும். மோட்டார் இதை சுவர்ல இருக்கற இன்னொரு சுவிட்ச்னு நினைச்சுக்கும். மூணு வயர், சிவப்பு, வெள்ளை சுவிட்ச் டெர்மினலுக்கு, கறுப்பு, குறுக்க ஏதாவது நிக்குதான்னு பார்க்கற கீழ இருக்கற கண் சென்சாருக்கு. அவ்வளவுதான், மத்தது யூஎஸ்பி பவர். மாட்ட எனக்கு இருபது நிமிஷம், அதுல பத்து நிமிஷம் ஏணி தேடினது.

இதுல நான் மயங்கின இடம் என்னன்னா, கதவுல சென்சாரே ஒட்ட வேண்டியது இல்ல. மோட்டாருக்கே தெரியும் தான் எங்க நிக்கறோம்னு, இது வரைக்கும் அதை யாரும் நம்மகிட்ட சொல்லல, அவ்வளவுதான். திறந்திருக்கு, மூடியிருக்கு, இப்ப இறங்கிட்டிருக்கு, லைட் எரியுதா எல்லாம் மோட்டாரே சொல்லுது, குறுக்க ஏதாவது நிக்குதாங்கறது அந்தக் கறுப்பு வயர்லேர்ந்து வருது, எத்தனை சதவீதம் ஏறியிருக்குன்னு ஓடற நேரத்தை வெச்சு போர்டே கணக்கு போடுது. திற, மூடுன்னு ரெண்டும் தனித்தனி கட்டளை, அதனால மூடின கதவுக்கு மூடுன்னு சொன்னா சும்மா இருக்கும். ஊருக்குப் போறப்ப ரிமோட் எல்லாத்தையும் ஒரே அடியா லாக் பண்ணிடலாம், கார் கண்ணாடியை உடைச்சு ரிமோட்டை எடுத்துட்டுப் போனாலும் பிரயோஜனம் இல்ல. அப்பா கேட்ட டெஸ்டர் கேள்விக்கு நேரா பதில் சொன்னது இந்த ஒரு ஆப்ஷன்தான். சர்வர், அக்கவுண்ட், மாசச் சந்தா எதுவும் கிடையாது, ஹோம் அசிஸ்டண்ட்ல தானா வந்து நின்னுச்சு, ஹோம் அசிஸ்டண்ட் இல்லாம நேரா ஹோம்கிட்ல போற ஃபர்ம்வேரும், அதாவது போர்டுக்குள்ள ஓடற சாஃப்ட்வேரும், இருக்கு.

குறை இல்லாம இல்ல. ஒரு சின்ன குழு செஞ்சு விக்கறது, ஸ்டாக் இல்லைன்னா காத்திருக்கணும். வயர் மாட்டறதுக்கும் ஃபர்ம்வேர் ஏத்தறதுக்கும் கொஞ்சம் தைரியம் வேணும். முக்கியமா இது மோட்டாரோட பாஷையைப் பழகிக்கிட்டு பேசற சாமான், அதனால புது மோட்டார் வாங்கப் போறவங்க மாடல் நம்பரை வெச்சு இது ஒத்துவருமான்னு முதல்ல பார்த்துட்டு வாங்குங்க, மோட்டார் வந்தப்புறம் பார்க்காதீங்க. போர்டா வாங்க பயமா இருந்தா கனெக்டட் (Konnected)னு ஒரு கம்பெனி பிளாக் (blaQ)னு ஒரு பெட்டி விக்கறாங்க, கிட்டத்தட்ட இதே வேலை, விலை கூட, ஆனா அழகா பெட்டில வரும், மூடறதுக்கு முன்னாடி கத்தறதுக்கு பஸரும் உள்ளயே இருக்கு.

அந்தக் கத்தற விஷயத்துக்கு வர்றேன். கராஜ் கதவு விளையாட்டு சாமான் இல்ல, ரெண்டு கார் கதவுன்னா நல்ல கனம். குழந்தைங்க அடில மாட்டி இறந்து போனதுக்கு அப்புறம்தான் அமெரிக்காவுல 1990ல சட்டம் போட்டு, 1993 ஜனவரி 1லேர்ந்து செய்யற எல்லா வீட்டு மோட்டாருக்கும் மாட்டிக்காம இருக்க பாதுகாப்பு கட்டாயம்னு ஆக்கினாங்க. தரைலேர்ந்து ஆறு இஞ்சுக்குள்ள ரெண்டு பக்கமும் இருக்கற அந்த கண் சென்சார் அதனால வந்ததுதான். ஆள் பார்க்காம தூரத்துலேர்ந்து மூடறதா இருந்தா மூடறதுக்கு முன்னாடி குறைஞ்சது அஞ்சு செகண்ட் சத்தமும் வெளிச்சமும் வரணும்னு யுஎல் 325ங்கற அமெரிக்க பாதுகாப்பு விதி சொல்லுது. மைக்யூ, கனெக்டட் பெட்டி மாதிரி ரெடிமேடு சாமான் அதை தானா செய்யும். வெறும் ரிலே செய்யாது, நீங்கதான் செய்யணும். நான் ரெண்டு கதவுக்கும் ஹோம் அசிஸ்டண்ட்லயே எழுதிட்டேன், முதல்ல கராஜ் லைட் விட்டு விட்டு எரியும், ஒரு சின்ன சைரன் பத்து செகண்ட் கத்தும், அப்புறம்தான் மூடு. அந்தக் கண் சென்சார் அடிக்கடி தகராறு பண்ணுதேன்னு ரெண்டையும் சேர்த்துக் கட்டி மேல தொங்க விட்டிருக்கற வீடுங்களைப் பார்த்திருக்கேன், அந்த மாதிரி வீட்ல இதுல எதையும் மாட்டாதீங்க, முதல்ல அதைக் கீழ இறக்குங்க.

தானா திறக்கற ஆட்டோமேஷன் நான் வைக்கல. ஃபோன் வீட்டுக்கிட்ட வந்ததும் கதவு திறக்கணும்னு எங்க வீட்டுக்காரருக்கு ஆசை, ஆனா அந்த ஜிபிஎஸ் புள்ளி சில சமயம் நாம தூங்கிட்டிருக்கப்பவே ரெண்டு தெரு தள்ளி போயிட்டு திரும்ப வரும், அது திரும்ப வர்றப்ப கதவு திறந்தா என்ன ஆகறது. ஆப்பிளும் இந்த மாதிரி திறக்கறதை நம்மகிட்ட கேட்காம செய்யாது, அலெக்ஸாவும் வாயால திறக்கச் சொன்னா பின் நம்பர் கேட்கும், காரணமாத்தான். மூடறது மட்டும் தானா: பத்து மணிக்கு திறந்திருந்தா முதல்ல ரெண்டு ஃபோனுக்கும் மெசேஜ், பத்து நிமிஷம் யாரும் வேண்டாம்னு சொல்லலைன்னா லைட்டு, சைரன், மூடு.

அப்ப உங்களுக்கு எதுன்னு கேட்டா, ஆப் மட்டும் போதும், வயரைத் தொட மாட்டேன், அமேசான் பார்சல் உள்ள வேணும்னா மைக்யூ. ஐஃபோன் வீடு, ஊதா பட்டன், பெட்டியா வாங்கி மாட்டணும்னா மெராஸ். ஊதா பட்டன், ஹோம் அசிஸ்டண்ட் இருக்கு, கைல டெஸ்டர் இருக்குன்னா ரிலே, ஆனா அந்த பிரேக்கர் டெஸ்டை மறக்காதீங்க. மஞ்சள் பட்டன்னா யோசிக்காம ராட்ஜிடிஓ. என்னைக் கேட்டா ஊதாவுக்கும் அதையே போட்டிருக்கலாம், அதுவும் ஒத்துவரும்தான், ரிலே ஏற்கனவே வாங்கிட்டேனேன்னு மாட்டினதுதான் உண்மை.

அப்பா திருச்சிக்குத் திரும்பற வரைக்கும் ஆப் பக்கமே போகல, சுவர் பட்டனைத்தான் அமுக்கினாரு. அவருக்காக கிச்சன் ஜன்னல் மேல ஒரு சின்ன பல்பு வெச்சேன், ரெண்டுல எந்தக் கதவு திறந்திருந்தாலும் சிவப்பா எரியும். இப்ப வீட்ல எல்லாரும் பார்க்கறது அந்த பல்பைத்தான், ஆப்பை நான்கூட திறக்கறது இல்ல.

ராட்ஜிடிஓ மாட்டினதுல கேட்காமலேயே வந்த தகவல் இன்னொண்ணு இருந்துச்சு, மோட்டார் இது வரைக்கும் கதவை எத்தனை தடவை திறந்திருக்குங்கற கணக்கு. எங்களுது ஒன்பதாயிரத்துச் சொச்சம் காட்டுது. கதவைத் தூக்கற அந்த மேல் ஸ்பிரிங் இருக்கே, சாதாரண ஸ்பிரிங்னா பத்தாயிரம் தடவை வரைக்கும்னுதான் கணக்கு வெச்சு செய்யறாங்க, வீடு கட்டினப்போ போட்ட ஸ்பிரிங்தான் எங்களுது. அதை நாமளே கழட்டற வேலை மட்டும் வேண்டாம், முறுக்கி வெச்சிருக்கற வேகத்துக்கு கையை உடைச்சிடும். ஸ்பிரிங் மாத்தற ஆளுக்கு ஃபோன் பண்ணியிருக்கேன், வியாழக்கிழமை காலைல வர்றேன்னு சொல்லியிருக்காரு.